பியானோ தொடங்கியதும் சுருதி தொலைகிறதா? மியூசிகல் ஆடிஷனுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மியூசிகல் எனும் பாட்டு நாடகத்துக்கான ஆடிஷனில் சொதப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "இன்னைக்குக் குரல் ஒத்துழைக்கல." நான் பார்த்த வரையில் பழுது அபூர்வமாகத்தான் குரலில் இருக்கிறது. பியானோ வாசிப்பவரிடம் கொடுத்த இசைக்குறிப்புத் தாளில், சொல்லாமல் விட்ட வேகத்தில், அவசரமாக நிரப்பிய படிவத்தில், கதவைத் திறப்பதற்கு முன்பே அது உட்கார்ந்திருக்கிறது. குரலை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. மற்றவற்றை ஒரே மாலையில் சரிசெய்யலாம். அதனால்தான் அறிகுறியை வைத்துத் தேடும்படி இதை எழுதுகிறேன். உங்களுக்கு எது நடந்ததோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

நான் திருச்சியில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவள். நியூஜெர்சிக்கு வந்தபின் ஊர் நாடகக் குழுக்களில் சேர்ந்தேன். சில வருடங்கள் மேடையில் இருந்தேன். பிறகு ஆடிஷன் நாட்களில் வாசலில் படிவம் வாங்கும் மேசையிலும், பாட்டுகளைப் பயிற்றுவிக்கும் மியூசிக் டைரக்டருக்குப் பக்கத்தில் குறிப்பெழுதும் நாற்காலியிலும் உட்கார்ந்தேன். நம் ஊர் சங்கீதமோ பரதமோ கற்றுவிட்டு இந்த அறைக்குள் வருகிறவர்களுக்கு வரும் சிக்கல்கள் தனி ரகம். அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு நிலவரம் இதுதான். கம்யூனிட்டி தியேட்டரில் நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி ஆசிரியர், நர்ஸ், கணக்காளர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான் மேடையில் நிற்பார்கள். வார நாட்களில் இரவு ஏழு மணியிலிருந்து பத்து வரை ஒத்திகை, அப்படி இரண்டு மூன்று மாதம். பிறகு இரண்டு அல்லது மூன்று வார இறுதிகளில் காட்சிகள். ஆடிஷனில் ஒரு பாட்டிலிருந்து 16 அல்லது 32 பார் பாட வேண்டும். பார் என்பதை ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) போல நினைத்துக்கொள்ளுங்கள், அளவில் சிறியது. பார் ஒன்றுக்கு நான்கு தட்டு என்றால் 16 பாருக்கு 64 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அது 32 விநாடி. 80 தட்டு வேகத்தில் 48 விநாடி. பாட்டுக்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். பிறகு வசனம் படிக்கச் சொல்வார்கள், நடனம் சொல்லித்தந்து ஆடச் சொல்வார்கள்.

அறிகுறி: பியானோ தொடங்கியது, எங்கே எடுப்பது என்றே தெரியவில்லை. எடுத்தபோது சுருதி வேறாக இருந்தது.

நம்மவர்களுக்கு அதிகம் நடப்பது இதுதான். ஒருமுறை வெளியே வந்த ஒரு பெண் கண் கலங்கி, "அக்கா, அவர் தப்பான சுருதியில வாசிச்சுட்டார்" என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். "இல்லம்மா, உன் தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் வாசிச்சிருக்கார்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் வீட்டில் யூடியூபில் ஒரு பாடகி பாடியதைக் கேட்டுப் பழகியிருக்கிறாள். அந்தப் பதிவின் சுருதி ஒன்று, இணையத்தில் இறக்கிய தாளின் சுருதி வேறு, வித்தியாசம் ஒன்றரைக் கட்டை. இரண்டையும் அவள் ஒருமுறைகூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான். கீபோர்டோ போனில் ஒரு பியானோ செயலியோ போதும். தாளில் உங்கள் முதல் சுரம் எது என்று பார்த்து, அதைத் தட்டி, அங்கிருந்து பாடிப் பாருங்கள். கர்நாடகக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிது. 1 கட்டை என்பது சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஐந்தரைக் கட்டை என்று நாம் சொல்வது ஜி ஷார்ப். தாள் உங்களுக்கு ஒத்துவராத சுருதியில் இருந்தால், அறையில் போய் "கொஞ்சம் இறக்கி வாசிக்க முடியுமா" என்று கேட்காதீர்கள். பார்த்த மாத்திரத்தில் சுருதி மாற்றி வாசிப்பது பெரிய வித்தை. எல்லோருக்கும் அது வராது. வந்தாலும் அவருடைய முழுக் கவனமும் அதிலேயே போய்விடும். மியூசிக்நோட்ஸ் போன்ற தளங்களில் தாளை வாங்கும்போதே வேண்டிய சுருதிக்கு மாற்றி அச்சிட்டுக்கொள்ளலாம்.

தாள் சரியாக இருந்தும் சுருதி பிடிபடவில்லை என்றால் காரணம் பழக்கத்தில் இருக்கிறது. நமக்குத் தம்பூரா கச்சேரி முழுக்கக் கூடவே வரும். ஷட்ஜம், அதாவது அடிப்படையான 'ஸ', காதை விட்டு ஒரு கணமும் நகராது. பியானோவில் அந்தத் தரை கிடையாது. கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும், அடியில் ஒலிக்கும் சுரம் ஒவ்வொரு பாரிலும் வேறாக இருக்கும். நம் காது ஒவ்வொரு கார்டின் அடிச் சுரத்தையும் புதிய ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு குழம்புகிறது. போதாக்குறைக்குப் பல மியூசிகல் பாட்டுகள் கடைசிப் பகுதியில் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ மேலே ஏறும். அது கிரகபேதம் (சுருதி மாறாமல் வேறொரு சுரத்தை ஷட்ஜமாகக் கொள்வது) அல்ல. ஷட்ஜமே இடம் பெயர்கிறது. முதல்முறை கேட்பவருக்குச் சுருதி விலகியது போலத்தான் இருக்கும். உண்மையில் அது பாட்டின் அமைப்பு. நீங்கள் பாடப்போகும் 16 பாரில் இந்த ஏற்றம் வருகிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்யும் வழி: வீட்டில் சுருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். அறிமுக இசையின் கடைசி இரண்டு பாரை மட்டும் வாசிக்கவிட்டு அல்லது பதிவு செய்துகொண்டு, அதைக் கேட்டு எடுக்கப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை எடுப்பை மட்டும் செய்யுங்கள், முழுப் பாட்டும் வேண்டாம். எடுப்பு சமத்திலா (தாளத்தின் முதல் தட்டிலா), அதற்கு முன்பா, பின்பா என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மியூசிகல் பாட்டுகளில் முதல் சொல் சமத்துக்கு முன்பே விழுவது சகஜம். நாம் அதீத எடுப்பு என்போமே, அதேதான். தாளில் முதல் பார் அரைகுறையாகத் தெரிந்தால் அங்கேதான் அது இருக்கிறது.

அறிமுக இசையே வேண்டாம் என்றால், "தொடங்கும் சுரத்தை மட்டும் கொடுங்கள்" என்று பியானோ வாசிப்பவரிடம் கேட்கலாம். ஒரே ஒரு சுரத்தைத் தட்டுவார், நீங்கள் எடுக்கலாம். இப்படிக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இன்னொன்று. பியானோவின் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் கட்டப்பட்டவை. தம்பூராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தை ('க' சுரத்தை) விடப் பியானோவின் அந்தர காந்தாரம் ஒரு இழை ஏறியிருக்கும். அரைக் கட்டையை நூறு பங்காக்கினால் சுமார் பதினான்கு பங்கு. காது பழுத்தவர்களுக்கு அது உறுத்தும். பியானோவோடு சேர்ந்து பாடும்போது அதன் காந்தாரத்துக்கே போய்விடுங்கள்.

அறிகுறி: பாட்டு இழுத்தது, அல்லது என்னைத் துரத்தியது.

பியானோ வாசிப்பவர்மேல் பழி போடுவதற்கு முன், வேகத்தை எப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "கொஞ்சம் வேகமா" என்பது அளவே இல்லை. கையைத் தட்டியோ விரலைச் சொடுக்கியோ காட்டுவதும் வேண்டாம். அந்த அறையில் அது அதட்டல் போல எடுத்துக்கொள்ளப்படும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் வரியை அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பாடிக் காட்டுங்கள். தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொள்ளலாம். நல்ல வாசிப்பாளர் அந்த ஒரு வரியிலேயே வேகத்தைப் பிடித்துவிடுவார். ஆனால் நீங்கள் பாடப்போகும் வேகத்தில் பாடிக் காட்ட வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகப் பாடிக் காட்டுவோம். பிறகு அந்த வேகத்தில் பாட முடியாமல் திணறுவோம். மூச்சை ஒருமுறை முழுக்க வெளியே விட்டபின் காட்டுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: எங்கிருந்து எங்கே வரை, என்ன வேகம், நடுவில் தாண்டும் இடம் ஏதாவது உண்டா. இருபது விநாடி போதும். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு நடுவில் போய் நில்லுங்கள். பாட்டு முடிந்து தாளை வாங்கும்போதும் ஒரு நன்றி. அன்று மாலை அறுபது பேருக்கு வாசித்த கை அது.

நடுவில் தடுமாறினால் நிறுத்தாதீர்கள். நம் கச்சேரியில் மிருதங்கமும் வயலினும் பாடகரைத் தொடர்வது போல, இவரும் உங்களைத் தொடரத்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஒரு வரியை விட்டாலும் அடுத்ததைத் தெளிவாக எடுத்தால் அங்கே தாவி வந்துவிடுவார். திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பது மட்டும் கூடாது.

அறிகுறி: வாசிப்பவர் பக்கத்தைத் திருப்பும்போது பாட்டு அறுந்தது. அல்லது இடது கையே கேட்கவில்லை.

இது தாளின் கோளாறு. என் முதல் ஆடிஷனில் எனக்கே நடந்தது. நூலகத்தில் எடுத்த ஜெராக்ஸில் ஒவ்வொரு பக்கத்தின் அடி வரியும் வெட்டுப்பட்டிருந்தது. வீட்டில் பாடும்போது நான் பார்த்தது மேலே உள்ள பாட்டு வரியை மட்டும். பியானோவின் இடது கைக்கான கீழ் வரி பல இடங்களில் இல்லை என்பதே எனக்குத் தெரியாது.

மூன்று வளைய ஃபைலில் தாள்களை முதுகோடு முதுகாக வையுங்கள், புத்தகம் போலத் திருப்ப வரும். தனித்தாள் ஒன்றிரண்டைக் கையில் கொண்டுபோனால் ஏ.சி. காற்றில் பறக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் விளக்கு பட்டு சுரம் மறையும். மங்கலான உறை கிடைக்கிறது. இல்லையென்றால் துளையிட்டு நேரடியாகக் கோத்துவிடுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் தடித்த பென்சிலால் குறித்து, பாடாத பார்களைக் குறுக்கே அடித்துவிடுங்கள். மேலே பாட்டு வரிகளும் அதன்மேல் சி, ஜி, எஃப் என்று கார்டு பெயர்களும் மட்டும் உள்ள தாள் கிடார் வாசிப்பவருக்குப் போதும், பியானோவுக்குப் போதாது. குரலுக்கு ஒரு வரி, பியானோவுக்கு இரண்டு வரி, ஆக மூன்று வரியும் தெரிய வேண்டும்.

சில குழுக்கள் பதிவு செய்த பின்னணி இசையை அனுமதிக்கும். அறிவிப்பில் அப்படி இருந்தால், பாட்டுக் குரல் இல்லாத பதிவை, நீங்கள் தொடங்கும் இடத்துக்கு வெட்டி, போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்ச் ஹாலின் வைஃபையை நம்ப வேண்டாம்.

அறிகுறி: உச்ச சுரத்தில் குரல் உடைந்தது.

மூன்று இடங்களில் தேடுங்கள். குரல் சூடாகவில்லை, காரில் இருபது நிமிடம் முனகிக்கொண்டே வந்திருந்தால் தீர்ந்திருக்கும். அல்லது பயத்தில் மூச்சு மேலேயே நின்றுவிட்டது. அல்லது, இதுதான் அதிகம், உங்களால் எட்ட முடிந்த கடைசிச் சுரத்தையே காட்டத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். வீட்டில் பத்துக்கு ஏழு முறை வரும் சுரம் அந்த அறையில் வராது. பத்துக்குப் பத்து முறை வருவதை எடுங்கள். உங்கள் உச்சத்துக்கு ஒரு கட்டை கீழே நின்று தைரியமாகப் பிடித்த சுரம், எட்டிப் பிடித்த சுரத்தைவிட நன்றாக இருக்கும்.

எந்தப் பாத்திரத்துக்கு உங்கள் குரல் போதும் என்பதையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். மியூசிகல்களுக்கு உரிமம் தரும் நிறுவனங்களில் ஒன்றான மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் தன் தளத்தில் பாத்திரங்களுக்குக் கீழ்ச் சுரமும் மேல் சுரமும் போட்டுவைத்திருக்கிறது. ஜி4, டி5 என்று இருக்கும், எண் ஸ்தாயியைக் குறிக்கும். பியானோவின் நடு சிதான் சி4. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஜி ஷார்ப்3, மேல் ஷட்ஜம் ஜி ஷார்ப்4, மேல் பஞ்சமம் டி ஷார்ப்5. 1 கட்டையில் பாடும் ஆணுக்கு ஷட்ஜம் சி3, மேல் ஷட்ஜம் நடு சி, மேல் பஞ்சமம் ஜி4. இதை வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் எந்தப் பாத்திரம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"எனக்காக அந்தப் பாட்டை இறக்கிவிடுவார்கள்" என்று எண்ண வேண்டாம். உரிமம் வாங்கி நடத்தும் குழு, இசையையோ வசனத்தையோ அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. அதனால்தான் மியூசிக் டைரக்டர் உங்களை ஒவ்வொரு சுரமாக ஏற்றி ஏற்றிப் பார்க்கிறார்.

அறிகுறி: "அழகான குரல்" என்றார்கள். ஆனால் வேடம் இல்லை.

இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் எல்லோருமே நன்றாகப் பாடுகிறவர்கள். இதில் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் நானும் இரண்டு வருடம் இங்கேதான் சிக்கிக்கொண்டிருந்தேன்.

குறிப்பெழுதும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள்தான் எனக்குப் புரிந்தது. ஒரு இளைஞன் பாடினான். நல்ல அப்பியாசம், மூச்சுக் கட்டுப்பாடு அபாரம். மியூசிக் டைரக்டர் எழுதச் சொன்னது: "சுரம் நிலையாக இல்லை, வழுக்குகிறார்." எனக்கு அதிர்ச்சி. அவன் சுரம் கொஞ்சமும் விலகவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஜாருவில், அதாவது வழுக்கிச் செல்லும் கமகத்தில் போனான், நீண்ட சுரங்களில் லேசான கம்பிதம், அதாவது அசைவு வைத்தான். நமக்கு அது உயிர். அந்தக் காதுக்கு அது நிலையாமை. இரண்டு காதுமே தவறில்லை. ஆனால் பாடுகிற இடம் அவர்களுடையது.

உங்களுக்கும் இதுதானா என்று சோதிக்க, 16 பாரையும் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கீபோர்டில் அந்த மெட்டை ஒற்றை விரலால் வாசித்துக்கொண்டே பதிவைக் கேளுங்கள். எங்கெல்லாம் உங்கள் குரல் சுரத்தை வந்து தொடுகிறதோ, நேராக அதன்மேல் இறங்கவில்லையோ, அங்கெல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்த இடங்களை மட்டும் அலங்கார வரிசை பாடுவது போல வெறும் சுரமாக, அசைவே இல்லாமல் பாடிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் மாறும். கமகம் உங்களை விட்டு எங்கும் போய்விடாது. திரும்ப வேண்டும்போது அங்கேயே இருக்கும்.

அடுத்தது சொல். கச்சேரியில் அகாரத்தில், அதாவது 'ஆ' என்று நின்று ராகத்தை விரிக்கலாம். மியூசிகலில் பாட்டு என்பது ஒரு பாத்திரம் பேசிக்கொண்டே வந்து, பேச்சு போதாமல் போகும்போது பாடத் தொடங்குவது. கடைசி வரிசைக்குச் சொல் கேட்காவிட்டால் கதை நின்றுவிடும். தமிழ் பேசும் வாய்க்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யெழுத்து கஷ்டம். ஒன்று 'உ' சேர்ப்போம், அல்லது விழுங்கிவிடுவோம். 'நைட்' என்ற சொல்லை நான்கு தட்டு நீட்ட வேண்டுமென்றால் 'நா' என்பதிலேயே மூன்றரைத் தட்டு நின்று, கடைசியில்தான் 'ய்ட்' என்று மூட வேண்டும். அந்த 'ட்' காதில் விழ வேண்டும், அதன் பின்னால் எதுவும் ஒட்டக் கூடாது. சொல்லின் முதலில் வரும் 'ப', 'ட', 'க' ஒலிகளுக்கு ஒரு ஊதல் காற்று வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள், காற்று படுகிறதா என்று தெரியும்.

மூன்றாவது உடம்பு. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடுவது நமக்கு லயிப்பு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் ஏதோ கேட்பதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். தாளத்தைப் பெருவிரலுக்கு, காலணிக்குள் அனுப்பிவிடுங்கள். கண் திறந்திருக்கட்டும். மேசையில் இருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே பின்சுவரில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒருவரை நிறுத்துங்கள். அம்மாவாக இருக்கலாம், விட்டுப்போன நண்பராக இருக்கலாம். அவரிடம் என்ன வேண்டும் உங்களுக்கு? அதை ஒரே வாக்கியமாகத் தமிழிலேயே எழுதி ஃபைலின் உள்பக்கம் ஒட்டுங்கள். நான் ஒருமுறை எழுதியது "இன்னும் பத்து நிமிஷம் இருந்துட்டுப் போ." அந்த வருடம்தான் எனக்கு முதல்முறையாகப் பெயருள்ள பாத்திரம் கிடைத்தது. டைரக்டரின் கண்ணுக்குள் நேராகப் பார்த்துப் பாட வேண்டாம். அவர் குனிந்து எழுத வேண்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எழுதத் தயங்குவார்.

அறிகுறி: நடுவிலேயே "நன்றி" என்று நிறுத்திவிட்டார்கள்.

பழுது இல்லை. தேவையானது கிடைத்துவிட்டது, அல்லது வரிசை நீண்டுவிட்டது. புன்னகைத்து, தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லாதீர்கள்.

அறிகுறி: வசனம் படிக்கும்போது தாளுக்குள்ளேயே புதைந்துவிட்டேன்.

முன்பின் பார்க்காத பக்கத்தைக் கையில் கொடுத்து, எதிரே ஒருவரை நிறுத்திப் படிக்கச் சொல்வார்கள். மனப்பாடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. தாளை நெஞ்சு உயரத்தில் பிடித்து, கட்டை விரலை நீங்கள் இருக்கும் வரிக்குப் பக்கத்தில் வைத்து நகர்த்துங்கள். ஒவ்வொரு வசனத்தின் கடைசி நாலைந்து சொற்களைப் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்து, எதிரில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் பேசும்போது அடுத்த வரியைத் தேடாமல் அவரைக் கேளுங்கள். பெரும்பாலோர் தோற்பது அங்கேதான். நடிப்பில் பாதி கேட்பது, மேசையில் இருப்பவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு அமெரிக்கர் போலப் பேச முயல வேண்டாம். போலி உச்சரிப்பு நாலாவது வரியில் கழன்று விழும், கவனம் முழுக்க நாக்கில் போய்விடும். நிதானமாக, உங்கள் குரலில் பேசுங்கள். பாத்திரத்துக்குக் குறிப்பிட்ட உச்சரிப்பு தேவையென்றால் அவர்களே கேட்பார்கள்.

அறிகுறி: நடனத்தில் கால் பின்னிக்கொண்டது.

இருபது பேரை ஒன்றாக நிறுத்தி, பதினைந்து நிமிடத்தில் நாலைந்து எட்டு சொல்லித்தருவார்கள். எட்டு என்பது எட்டுத் தட்டுக் கணக்கு. ஆதி தாளம் கைவசம் இருப்பவர்களுக்கு அது வீட்டு முற்றம் மாதிரி. "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று குரல் கொடுத்தால் அடுத்த தட்டு சமம். சொல்லித்தருபவர் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றால் அவர் வலது உங்கள் வலது. முகத்தைக் காட்டி நின்றால் கண்ணாடி போல மாறியிருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

பரதம் கற்றவர்களிடம் நான் பார்க்கும் சிக்கல், உடம்பு தானாக அரைமண்டிக்கு (முழங்கால் மடக்கிய நிலைக்கு) போவதும் பாதம் தரையை ஓங்கித் தட்டுவதும். இங்கே எடை மேலே, முன்பாதத்தில் இருக்க வேண்டும். இரண்டு அடிகளை மட்டும் முன்பே பழகிக்கொண்டால் பாதி பயம் போய்விடும். ஜாஸ் ஸ்கொயர்: ஒரு கால் குறுக்கே முன்னால், மற்றது பின்னால், முதல் கால் பக்கத்தில், மற்றது முன்னால், நாலு தட்டில் ஒரு சதுரம். பால் சேஞ்ச்: ஒரு காலின் முன்பாதத்தில் அரைத் தட்டு எடையை வைத்து உடனே மற்றக் காலுக்கு மாற்றுவது. வெறுங்காலோடு போகாதீர்கள், வழுக்கும் சாக்ஸும் கூடாது. வளையக்கூடிய அடிப்பாகம் உள்ள காலணி போதும்.

அடி தவறினால் முகத்தில் அதைக் காட்டாமல் அடுத்த எட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். அபிநயம் கற்ற முகம் உங்களுடையது. அறையில் உள்ள பலருக்கு அது இல்லை.

அறிகுறி: எல்லாம் நன்றாகப் போனது. கால்பேக் வரவில்லை, அல்லது பட்டியலில் பெயர் இல்லை.

முதலில் கால்பேக். மீண்டும் கூப்பிடுவது என்பது அவர்களுக்கு இன்னும் ஏதோ தெரிய வேண்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம். உங்களிடம் பார்க்க வேண்டியதை முதல் நாளே பார்த்துவிட்டால் கூப்பிடாமலே வேடம் கொடுப்பதும் உண்டு. பட்டியல் வரும்வரை முடிவு கட்டாதீர்கள்.

பட்டியலிலும் இல்லை என்றால் படிவத்தை நினைத்துப் பாருங்கள். வர இயலாத தேதிகளைக் கேட்கும் பக்கம் ஒன்று இருந்திருக்கும். வாசல் மேசையில் அதை வாங்கி அடுக்குபவள் நான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: இரண்டு பேர் சமமாக இருந்தால் அந்தப் பக்கம்தான் முடிவு செய்கிறது. ஞாயிறு காலைத் தமிழ்ப் பள்ளி, தீபாவளி, டிசம்பரில் ஊருக்குப் போகும் மூன்று வாரம், எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்துவிட்டு வேடம் கிடைத்தபின் சொன்னால் டைரக்டர் போட்ட ஒத்திகை அட்டவணை முழுதும் கலையும். அடுத்த வருடமும் அது நினைவில் இருக்கும். ஆனால் முதல் காட்சிக்கு முந்தைய வாரம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். ஒளி, ஒலி, உடை எல்லாம் அப்போதுதான் முதன்முறையாகச் சேரும். அந்த வாரத்தில் ஒரு நாள்கூட விட முடியாது.

அதே படிவத்தில் "எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்பீர்களா" என்று ஒரு கேள்வி இருக்கும். கோஷ்டியில், அதாவது கூட்டமாகப் பாடி ஆடுபவர்களில் ஒருவராக, நிற்க மனமில்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஆம் என்று எழுதிவிட்டு, கோஷ்டியில் பெயர் வந்ததும் விலகுவது மற்றவரின் இடத்தைப் பறிப்பது. என்னைக் கேட்டால், முதல் இரண்டு நாடகங்களுக்குக் கோஷ்டிதான் நல்ல பள்ளிக்கூடம். ஆறு குரல் சேர்ந்து ஒலிக்கும்போது உங்கள் வரியை விடாமல் பிடிக்கும் வித்தை வேறெங்கும் கிடைக்காது. சேர்ந்திசையில் நம் வரி மெட்டாக இருக்காது, அதன் கீழே ஓடும் துணை வரியாக இருக்கும். தம்பூரா பழகிய காதுக்கு அது புது உலகம்.

மற்றவை உங்கள் கையில் இல்லை. அப்பாவாக நடிப்பவருக்குப் பக்கத்தில் மகளாக நிற்க வேண்டிய உயரம், இரண்டு குரல் சேரும்போது வரும் நிறம், எத்தனை ஆண்கள் அந்த வருடம் வந்தார்கள் என்பது. முடிவு வந்த அன்றே காரணம் கேட்டு மின்னஞ்சல் எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து, வாய்ப்புக்கு நன்றி சொல்லி, எதைச் சரிசெய்யலாம் என்று இரண்டு வரியில் கேளுங்கள். பதில் வரலாம், வராமலும் போகலாம்.

"தொழில்முறைப் பயிற்சி இல்லாத நான் அங்கே போகலாமா" என்று கேட்பவர்களுக்கு: இந்த மேடைகள் எப்போதுமே அப்படிப்பட்டவர்களுக்காக உண்டானவை. பாஸ்டனின் ஜமைக்கா ப்ளெயின் பகுதியில் உள்ள ஃபுட்லைட் கிளப் 1877 முதல் நாடகம் போட்டு வருகிறது. அத்தனை தலைமுறையாக அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலை வேறு வேலைக்குப் போனவர்கள்தான்.

வேடம் கிடைக்காத வருடத்திலும் உள்ளே இருக்க ஒரு வழி உண்டு. படிவத்தின் அடியில் மேடைப் பொருட்கள், உடை, ஒளி, மேடை மாற்றம் என்று சின்னக் கட்டங்கள் இருக்கும். அதில் ஒன்றை டிக் செய்யுங்கள். நான் ஒரு வசந்த காலம் முழுக்க உடை மாற்ற உதவுபவளாக இடது பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். பதினோரு விநாடியில் ஒரு கவுனின் கொக்கிகளைப் போட வேண்டும். இருட்டில், கையில் ஊசி நூலோடு, ஒவ்வொரு இரவும் அதே பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே நின்றதில்தான் ஷட்ஜம் நகரும் இடங்கள் என் காதுக்குள் போய் உட்கார்ந்தன.